வடிந்த பிறகு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை. அதனால் விசாரித்ததோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பா கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயர் பத்து நாளாக இரைகிறது. பாட்டு ஓடும்போது அடங்கியிருக்கிறது. நடுவில் ஒரு மூச்சு இடைவெளி வந்தால் போதும், பெட்டிக்குள் கறுவண்டு புகுந்ததுபோல எழும்பிவிடுகிறது. "பாட்டு கேக்கறீங்களா, மெஷின் ஓட்டறீங்களா?" என்று உன் தம்பி பெண்டாட்டி தினமும் கேட்கிறாள்.

ஞாயிறன்று அவள் அண்ணன், என் மச்சான், வந்தார். ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட குடுத்துடுங்க மாப்ள. உள்ள இருக்கற டிரான்ஸ்பார்மர் இப்ப தேடினாலும் கெடைக்காது. அத வச்சு நான் ஒண்ணு கட்டிக்கறேன். உங்களுக்கு இரையாத செட்டு புதுசா ஒண்ணு தர்றேன்" என்றார். அக்காவைக் கேட்க வேண்டும் என்றேன். "எல்லாத்துக்கும் அக்காவா?" என்று சிரித்தார்.

கடையில் பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது. காலையில் கத்தரியைப் பிடித்தால் மாலையில்தான் கீழே வைக்கிறேன். கட்டிங் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்களே என்று பெருமைப்படக்கூட நேரமில்லை. மச்சானுக்கு என்ன பதில் சொல்லட்டும்?

உன் தம்பி

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்கால் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

உன் மச்சானுக்குப் பதில் சொல்ல வேண்டாம். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர் ஒரு பெட்டியைக் கழற்றும் முன்பே அதன் டிரான்ஸ்பார்மரைப் பற்றிப் பேசுகிறார் என்றால், அவர் கேட்டது இரைச்சலை அல்ல. நவம்பரில் நான் சொந்த வீட்டுக்குப் போனதும் ஆம்ப் என்னிடம் வரும் என்பது நாம் பேசி வைத்தது. அப்பா சுற்றிய அதே டிரான்ஸ்பார்மர்களோடுதான் வர வேண்டும். அதுவரை அவர் அதில் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. பழுதை நீயே பார்க்கலாம். நான் எழுதித் தருகிறேன். போனில் சொன்னால் நீ பாதியைக் கேட்டு மீதியை ஊகிப்பாய். எழுத்தில் இருந்தால் இருவரும் சரிபார்க்கலாம்.

முதலில் வால்யூமை முழுவதும் குறைத்துப் பார். இரைச்சலும் குறைகிறதா? அடுத்து, அணைத்துவிட்டு, ஆறியதும், முன்னால் இருக்கும் சின்ன வால்வைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார். இரைச்சல் நின்றதா? கேட்டதை எழுது. கேட்டிருக்கும் என்று தோன்றுவதை எழுதாதே.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை வாசித்துவிட்டு அரை மணி நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வால்யூமை முழுவதும் குறைத்தேன். பாட்டு செத்தது, வண்டு சாகவில்லை. ஒரு நூல்கூடக் குறையவில்லை. சின்ன வால்வைக் கழற்றினேன். அப்போதும் அதே சத்தம். இது கேட்டது, தோன்றியது அல்ல. பக்கத்தில் சாட்சி வைத்துக்கொண்டேன். சாட்சி காதைப் பொத்திக்கொண்டு, "உங்க அக்கா கரண்ட் ஆபீஸ் மீட்டர் டெஸ்டிங்ல இருக்காங்கன்னு தெரியும். அதுக்காக வீட்டையே லேப் ஆக்கணுமா?" என்று கேட்டது.

மச்சான் மறுபடி கேட்டார். அக்கா தபாலில் வைத்தியம் பார்க்கிறாள் என்றேன். "நோயாளி தாங்குமா மாப்ள?" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். நீ அவரைத் தப்பாக நினைக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. அவர் பேச்சுதான் அப்படி.

அடுத்த மருந்தை எழுது.

தம்பி

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம் அறிய ஆவல்.

வால்யூமுக்கும் முன் வால்வுக்கும் கட்டுப்படாத இரைச்சல் மின்சாரம் வரும் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே இருக்கும் பெரிய கண்டன்சர் காய்ந்துபோயிருக்க வேண்டும். புதியது ஒன்றைப் பார்சலில் அனுப்புகிறேன். செய்ய வேண்டியவை:

1. பின்மூலையில் இருக்கும் ஒற்றை வால்வைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் போட்டுப் பார். பெட்டியே அதிர்ந்தால் கோளாறு டிரான்ஸ்பார்மரில். அதிராவிட்டால் கண்டன்சரில்.

2. அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கு.

3. கவிழ்த்து வைத்து அடித்தகட்டைக் கழற்று.

4. கண்டன்சர் வடிந்த பிறகே அதைத் தொட வேண்டும். அப்பாவுக்கு இதில் இருந்த கண்டிப்பு உனக்குத் தெரியும்.

5. பழைய ஒயர்கள் எந்த முனையில் இருக்கின்றன என்று வரைந்துகொண்டு, புதியதை அதேபோல் பற்றவை.

எடுத்த பழைய கண்டன்சரை எனக்கு அனுப்பு. இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் அடியிலும் அப்பா எண்கள் பொறித்திருக்கிறார். அவற்றையும் எழுதி அனுப்பு. என் நோட்டில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். உன் மச்சான் வராத ஒரு நாளில் இதைச் செய்.

அக்கா

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். அங்கு எப்படி என்று தெரியவில்லை, ஏனென்றால் நீ எழுதவில்லை.

பார்சலை ஏப்ரல் 4 அன்று நீ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். ரசீது என்னிடம் இருக்கிறது. நான்கு வாரமாகிறது. கண்டன்சர் மாற்ற ஒரு பிற்பகல் போதும். சீருடை வேலை என்று சொல்லாதே. வேலை நெரிசலில்தான் நீ நீளமாக எழுதுவாய்.

ஆம்ப் வீட்டில் இருக்கிறதா? ஒரு வார்த்தையில் பதில் போதும்.

அக்கா

மே 16

அக்காவுக்கு,

சுகம்.

ஆம்ப் வீட்டில் இருக்கிறது. இரைச்சல் நின்றுவிட்டது.

எண்கள்: 417, 422.

பழைய கண்டன்சரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

கடைக்கு போன் செய்ய வேண்டாம்.

தம்பி

மே 24

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஐந்து வரிகளை மூன்று முறை வாசிக்க அதிக நேரமாகாது.

எண்கள் என் நோட்டோடு பொருந்துகின்றன. அதனால் மட்டும் நான் சமாதானமாகவில்லை. எண் தெரிந்தவர் யாரும் எண்ணை எழுதலாம்.

இது உன் கையெழுத்து இல்லை. உன் எழுத்து வலப்பக்கம் சாயும். இதில் ஒவ்வொரு எழுத்தும் இடப்பக்கம் விழுகிறது. 'ழ'வின் வால் நடுங்குகிறது. 'ண'வுக்கு ஒரு சுழி கூடியிருக்கிறது. யார் எழுதினார்கள்? நீ சொல்லச் சொல்ல எழுதினார்களா, அவர்களே எழுதினார்களா?

"போட்டுவிட்டார்கள்" என்கிறாய். பழுது பார்த்தது நீ ஒருவன் என்றால் "போட்டுவிட்டேன்" என்றல்லவா இருக்க வேண்டும்? அந்த 'ஆர்கள்' யார் யார்?

போன் செய்ய வேண்டாம் என்றதால் செய்தேன். எடுத்தவர், "மாஸ்டர் வர்றதில்லைங்களே, ரெண்டு மாசம் ஆகப்போகுது" என்றார். பின்னால் யாரோ ஏதோ சொன்னார்கள். உடனே, "நீங்க வீட்டுலயே கேட்டுக்கங்க" என்று வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் நின்ற மேஜையை விட்டு நீ எங்கே போய் நிற்கிறாய்? உன் மச்சான் கடையிலா? ஆம்பின் உட்புறத்தை எடுத்துக்கொண்டு அவர் உனக்கு ஒரு நாற்காலி போட்டுத் தந்திருந்தால், அதை நீயே சொல்லிவிடு. வேறு யாரும் சொல்லி நான் கேட்க வேண்டாம்.

ஒன்று செய். மார்ச் 27 அன்று நான் அனுப்பிய கடிதத்தை எனக்குத் திருப்பி அனுப்பு. ஐந்து படிகளில் எதைச் செய்தாய், எதைச் செய்யவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்பு.

அக்கா

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதுவது நான்தான். பேனா மாறிவிட்டது.

அந்தக் கடிதம் தொலைந்துவிட்டது. இனிக் கிடைக்காது என்று வைத்துக்கொள்.

உன் படிகளில் தப்பு ஒன்றும் இல்லை. நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

மச்சான் ஒன்றும் எடுக்கவில்லை. நீ எப்போது வேண்டுமானாலும் ஆள் அனுப்பி ஆம்பை எடுத்துக்கொள். நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 12

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பியின் கடிதங்கள் எனக்குப் புரியவில்லை. தப்பே இல்லாத கடிதத்தைத் தொலைத்துவிட்டேன் என்கிறான். சரியாகப் படிக்கவில்லை என்கிறான், ஆனால் இரைச்சல் நின்றுவிட்டதாம். கேட்காதபோதே ஆம்பை எடுத்துப்போ என்கிறான். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் இப்படி எழுதமாட்டான். அவனை எனக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும்.

நேராகக் கேட்கிறேன். உங்கள் அண்ணன் அந்த ஆம்பைப் பிரித்தாரா?

தம்பியின் அக்கா

ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று எழுத வரவில்லை.

ஆமாம், என் அண்ணன்தான் பிரித்தார். எப்போது, எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வர மாட்டார் என்று தெரிந்துதான் உங்கள் தம்பி அந்த நாளைப் பிடித்தார். உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்தார். வால்வையெல்லாம் துணியில் சுற்றி வைத்தார். ஒரு நிமிடம் போட்டுப் பார்த்து, அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். கவிழ்த்துத் தகட்டைக் கழற்றினார். பிறகு எழுந்து வந்துவிட்டார். "என்ன, முடிஞ்சுதா?" என்று கேட்டேன். "இல்ல, இப்ப தொடக் கூடாது. வடிஞ்ச அப்புறம்தான் தொடணும்னு அக்கா எழுதியிருக்கா" என்றார். "எவ்வளவு நேரம் ஆகும்?" "ஒரு மணி நேரம் போதும்னு நெனைக்கறேன். எதுக்கும் இன்னொரு அரை மணி சேத்து வச்சுக்கலாம். இல்லாட்டி அக்கா கேப்பா." இருவரும் சாப்பிட்டோம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொட்டார். நான் சமையலறையில் இருந்தேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். கை தானாகப் பின்னால் வீசிப் பக்கத்தில் இருந்த இரும்பு அலமாரியின் கதவு விளிம்பில் அடித்திருக்கிறது. வலது கை. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் போகும் நரம்பு இரண்டும் அறுந்துவிட்டன. நான் போன் செய்ததும் என் அண்ணன்தான் வந்து தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். தைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் இன்னொரு ஆபரேஷன். கத்தரி பிடிப்பாரா என்று கேட்டால் டாக்டர், "பேனா பிடிக்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்கிறார். கடையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். பகலெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கோடு போட்ட நோட்டில் இடது கையால் அ, ஆ எழுதுகிறார். உங்களுக்கு வந்த இரண்டு கடிதமும் அந்தக் கைதான். முதல் கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கவிழ்ந்து கிடந்த செட்டை அண்ணன் பார்த்திருக்கிறார். அதை அப்படியே விட்டால் இன்னொருவர் தொடுவார் என்று பிளக்கைப் பிடுங்கியும் உள்ளே தேங்கியிருந்த கரண்டை ஒரு ரெசிஸ்டரை வைத்து வடித்துவிட்டு, நீங்கள் அனுப்பிய கண்டன்சரையே போட்டு மூடிவிட்டார். டிரான்ஸ்பார்மர் எண்களையும் அவர்தான் பார்த்துச் சொன்னார். ஒரு திருகுகூட அவர் வீட்டுக்குப் போகவில்லை.

அண்ணன் ஒன்றுதான் கேட்டார். "வடிக்காம தொடச் சொன்னது யாரு மாப்ள? அந்த லெட்டரக் காட்டுங்க." இவர், "லெட்டர்ல எல்லாம் சரியாத்தான் இருந்துது, நான்தான் தப்பாப் படிச்சேன்" என்றார். வீட்டுக்கு வந்த அன்றே அந்தக் கடிதத்தை ஒற்றைக் கையால் கிழித்து அடுப்பில் போட்டார். நான் வாசிக்கும் முன்பே போட்டுவிட்டார். உங்களுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். உங்கள் கேள்வியைப் பார்த்த பிறகு அந்தச் சத்தியத்தை வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

உங்கள் தம்பி மனைவி

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவி எழுதிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நான் கேட்ட கேள்விக்கு அதைவிட மரியாதையான பதில் கிடையாது.

அவள் கடிதம் வந்து ஒரு வாரம் நான் என் மேஜையின் கீழ் அறையைத் திறக்கவில்லை. நான் எழுதும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் கார்பன் வைத்து நகல் எடுப்பேன் என்பது உனக்குத் தெரியாது. பிறர் பின்னால் மாற்றிச் சொன்னால் காட்டுவதற்காக அந்தப் பழக்கம். நேற்று எடுத்துப் பார்த்தேன்.

'வடித்த பிறகு' என்று எழுதியிருக்க வேண்டும். 'வடிந்த பிறகு' என்று எழுதியிருக்கிறேன். வடிப்பது நீ செய்ய வேண்டிய வேலை. வடிவது தானாக நடப்பது. ரெசிஸ்டரை எந்த முனையில் வைப்பது, எத்தனை எண்ணும்வரை பிடிப்பது என்று ஒரு படி முழுவதும் எழுதியிருக்க வேண்டிய இடத்தில், வெள்ளம் வடிவதைச் சொல்வதுபோல ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுத் தாண்டிவிட்டேன். முதல் படியிலோ வால்வுகளைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். வால்வுகள் இருந்தாலாவது மின்சாரம் அவை வழியாக இறங்கியிருக்கும். நான் சொன்னபடி செய்த பெட்டியில் அது இறங்க வழியே இல்லை. ஒன்றரை மணி நேரம் என்ன, மறுநாள் காலையில் தொட்டிருந்தாலும் அடித்திருக்கும்.

அப்பாவின் கண்டிப்பு உனக்குத் தெரியும் என்று எழுதினேன். உனக்கு எப்படித் தெரியும்? "வடிச்சியா?" என்று அவர் என்னைத்தான் கேட்பார். அடித்தகட்டைக் கழற்றும்போதெல்லாம் உன்னை அறைக்கு வெளியே அனுப்பிவிடுவார். கதவைச் சாத்தியது நான்தான்.

உன் ஐந்து வரிகளில் ஒரு 'ஆர்கள்' விகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு உன்னைத் திருடன் என்று சொல்லாத குறையாக எழுதினேன். அப்போது நீ இடது கையால் 'ண' எழுதப் பழகிக்கொண்டிருந்தாய்.

மன்னிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு நகர்கிற விஷயமாக இது எனக்குத் தெரியவில்லை. உன் மனைவிக்கும் அவள் அண்ணனுக்கும் இது தெரிய வேண்டும். நகலை அனுப்பப்போகிறேன்.

அக்கா

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். பொய் இல்லை, விரல் நுனி நேற்று கொஞ்சம் அசைந்தது.

நகலை அனுப்பாதே. அவளுக்கு உன்மேல் இருந்த கோபம் இப்போதுதான் ஆறுகிறது. மச்சானுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். நான் தப்பாகப் படித்தேன் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். கட்டிங் மாஸ்டருக்குப் படிப்பு போதாது என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. நீ தப்பாக எழுதினாய் என்றால் அது பெரிய பேச்சாகிவிடும். தப்பே செய்யாதவள் என்ற பேர், உனக்கு அந்த ஒன்றுதானே இருக்கிறது, அக்கா.

இதை எழுத ஒரு நாள்தான் ஆயிற்று. 'ண' சரியாக இருக்கிறதா பார்.

தம்பி

ஜூலை 17

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

இதோடு மார்ச் 27 அன்று நான் தம்பிக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறது. அனுப்ப வேண்டாம் என்று அவன் சொன்னான். பதிவுத் தபாலில் உங்கள் பெயருக்கு மட்டும் அனுப்புவது அதனால்தான்.

நான்காவது படியைப் பாருங்கள். சிவப்பு மையில் அடிக்கோடிட்டது நான். புரியாவிட்டால் உங்கள் அண்ணனிடம் காட்டுங்கள். ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். தம்பி தப்பாகப் படித்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய். அதில் எழுதியிருந்ததை அவன் எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் படித்தான்.

உங்கள் அண்ணனைப் பற்றி நான் நினைத்தது எதுவும் உண்மையில்லை. அவரிடம் அதை நானே சொல்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் முழுவதும் விடுப்பு எடுத்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் வருகிறேன். நகலைப் படித்த பிறகு என்னை வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். விடாவிட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்துகொள்கிறேன்.

தம்பியின் அக்கா